ஊதுன காத்து எங்க போச்சு

திறந்த கதவைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. டீக்கடையில் ஆளில்லாத மேசைக்கு மேல் மின்விசிறி சுற்றினால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவார். ஒரு கல்யாண மண்டபத்தில், ஏசி போட்டிருந்த கூடத்தின் கதவை வருகிறவர்கள் எல்லாம் திறந்துபோட்டுவிட்டுப் போக, இவர் எழுந்து எழுந்து சாத்தியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் இவரை மண்டபத்து ஆள் என்று நினைத்து நாலு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்களாம். கொண்டுவந்து போட்டுவிட்டு மறுபடியும் கதவைச் சாத்தினாராம். இதைச் சொன்னது அவர் மனைவி. "எங்கூட்டுக்காரருக்கு முன்னால ஒரு பெருமூச்சு உட முடியாதுங்க. அது எங்க போச்சுன்னு கேப்பாரு," என்பார் அந்த அம்மா.

பழைய வண்டிகளுக்கு ஏசி பார்ப்பது அவர் தொழில். வடகரப்பதியில் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. ஏசிக்காரர் என்றால் அங்கிருந்து எலப்புள்ளி வரைக்கும் அவரைத்தான் குறிக்கும். இப்போது கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. மகள் வீட்டோடு போய்விட்டார் என்கிறார்கள். பெயரை எழுதாமலே விடுகிறேன். எழுதினால் எப்படியாவது கேள்விப்பட்டு போன் செய்து, "அம்மிணி, நீங்க எழுதுனதுல ஒரு எடத்துல ஓட்டை இருக்குதுங்க," என்பார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கட்டிங் பிளையர் வைத்திருப்பார். அதன் கனத்தில் பை கிழிந்து தொங்கும். மனைவி தைப்பார், மறுபடி கிழியும். என் அப்பாவை அடக்கம் செய்த அன்று எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தச் சட்டைப் பையிலும் பிளையர் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான் மூணாறு மலையில் பள்ளிவாசல் எஸ்டேட்டில் பிறந்து, கீழே பாலக்காட்டு எலப்புள்ளிக்கு வாழ்க்கைப்பட்டவள். அப்பா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். வேலையை விட்டு வந்தபின் ஒரு பழைய ஏழு பேர் வண்டி வாங்கினார். நெஞ்சு கெட்டுப்போய் ஓட்ட முடியாது என்றானதும் அதை என்னிடம் தந்துவிட்டார். நுரையீரல் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்த்து, இனி வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டில் இருங்கள் என்றால் கேட்கவில்லை. "இந்த அடுப்புக்குள்ள நான் கெடக்க மாட்டேன் பிள்ளே. என்னைய மேல கொண்டு விட்டுரு," என்றார். பள்ளிவாசல் வீட்டில் ஆக்சிஜன் மெஷினை வாங்கி வைக்க ஏற்பாடு செய்தேன். வழிக்கு ஒரு சின்ன சிலிண்டர். போய்ச் சேரும் வரைக்கும் தாராளமாக வரும் என்றார்கள்.

ஆனால் அது கோடைக்காலம். உடுமலை தாண்டும் வரைக்கும் வெயிலில் வெந்துகொண்டு போக அப்பாவால் முடியாது. எங்கள் வண்டியின் ஏசியோ பேருக்குத்தான் இருந்தது. புளோயர் உறுமும், முகத்துக்கு ஒன்றும் வராது. போதாக்குறைக்குக் காற்று வாய்களில் இருந்து கறுப்பாக ஏதோ தூள் பறந்து வந்து மடியில் விழும். அந்தத் தூளை அப்பா சுவாசித்தால் என்னாவது என்று நினைத்துத்தான் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

ஏசிக்காரர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னைத்தான் விசாரித்தார். யார் எந்தப் பக்கம் உட்காருவீர்கள், கண்ணாடியை இறக்கி ஓட்டுவீர்களா, வண்டிக்குள் யாராவது பீடி குடிப்பார்களா என்று போலீஸ் மாதிரி கேள்வி. பதிலைப் பாதிக்கு மேல் கேட்கவும் மாட்டார். பிறகு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, புளோயரை மட்டும் ஓடவிட்டு, அந்த வெயிலில் உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்தார். வெளியே நின்ற எனக்கே மூச்சு முட்டியது.

அடுத்து தூக்குப்போசியைத் திறந்து கொஞ்சம் சோற்றுப் பருக்கை எடுத்தார். பேப்பரின் ஓரத்தை நூல் நூலாகக் கிழித்து, பருக்கையால் ஒவ்வொரு காற்று வாயிலும் ஒட்டினார். முகத்துக்கு நேரே இருந்த நான்கிலும் தாள் செத்தது போலத் தொங்கியது. முன்கண்ணாடிக்கு அடியில் இருந்த நீளமான பிளவில் ஒட்டிய தாள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா? ஊதுன காத்து எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதுங்களா? அத்தனையும் கண்ணாடிக்குப் போகுதுங்க. கண்ணாடிக்கு எதுக்குங்க குளிரு? மனுசனுக்கில்ல வேணும்?"

காற்றை முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று திருப்பிவிட டேஷ்போர்டுக்குள் ஒரு தட்டு இருக்கிறது. முன்னால் உள்ள குமிழைத் திருகினால் ஒரு கேபிள் அதை இழுக்கும். எங்கள் வண்டியில் கேபிள் அறுந்து, தட்டு கண்ணாடிப் பக்கமே சிக்கிக் கிடந்திருக்கிறது. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு வயதாகி உதிர்ந்ததுதான் அந்தக் கறுப்புத் தூள். அத்தனை பழைய வண்டிக்குக் கேபிள் எங்கேயும் கிடைக்காது என்றார். பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, தட்டை முகத்துப் பக்கம் இழுத்துவைத்து, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். அதற்கும் மேலே ஒழுகக்கூடாது என்று, மெத்தைப் பஞ்சை நீளமாக அறுத்து முன்கண்ணாடிப் பிளவில் திருப்புளியால் குத்திக் குத்தி அடைத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, நாங்க மலைக்குப் போறோம். அங்க மூடுபனி. கண்ணாடிக்கும் காத்து வேணும்ல," என்றேன்.

"மூடுபனி வெளிய தானுங்க இருக்கும்? அதுக்கு வைப்பர் இருக்குதுங்களே," என்றார். இடுக்கிப் பக்கம் ஒரு தடவை கூடப் போகாத மனுசன். வண்டியின் உள்பக்கம் கண்ணாடி வியர்க்கும் என்பதை வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கம்பியின் முறுக்கை ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டே, "நா கட்டுன கட்டு என்னையக் கேக்காம அவுராதுங்க அம்மிணி," என்றார். ஏசியைப் போட்டதும் நாலு தாளும் என்னைப் பார்த்து எழுந்து நின்றன. அந்தக் குளிரில் என் வாயும் அடைத்துவிட்டது.

வேலை முடிந்ததும் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை. வண்டியோடு கூடவே போவார். எங்காவது திருப்தி ஆனதும் இறங்கி பஸ் பிடித்துத் திரும்புவார். இதற்காகவே அவர் மனைவி தினமும் சோற்றோடு ஒரு மாற்றுத் துண்டும் வைத்து அனுப்புவார். அப்பாவை ஏற்றிக்கொண்டு நாங்கள் கிளம்பிய காலையிலும் கொட்டகை வாசலில் தயாராக நின்றார்.

"பொள்ளாச்சி வரைக்கும் வாரனுங்க. ஓடுற வண்டியில பாத்தாத்தான் தெரியும்."

அப்பா முன்சீட்டில், சீட்டைச் சாய்த்துக்கொண்டு, மூக்கில் மாஸ்க்கோடு இருந்தார். சிலிண்டர் அவர் காலுக்கும் கியருக்கும் நடுவில் நின்றது. ஏசிக்காரர் பின்னால் ஏறினார். வெளியே பனைமரங்கள் வெயிலில் கருகி நிற்க, உள்ளே அப்பா கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு.

பொள்ளாச்சி வந்தது. ஏசிக்காரர் இறங்கவில்லை.

"எங்கயோ காத்து போகுதுங்க," என்றார்.

நாலு தாளும் ஆடிக்கொண்டுதானே இருக்கின்றன என்று காட்டினேன். தலையாட்டினார், ஆனால் இறங்கவில்லை. கதவு ரப்பரில் காதை வைத்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். உடுமலை வந்தது. "அண்ணே, பஸ் ஸ்டாண்டு இதுதான். விட்டா அப்புறம் காடு," என்றேன்.

"போகட்டுங்க. சத்தம் கேக்குதுங்களே எனக்கு."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் இது என்ன கூத்து? சின்னாறு செக்போஸ்டைத் தாண்டியும் அவர் கூரையில் காதை வைத்துக்கொண்டிருந்தார். அப்பா மாஸ்க்குக்குள்ளிருந்து, "இவரு என்ன, பாம்பு தேடுதாரா?" என்று கேட்டுவிட்டு, சிரித்து, இருமினார்.

மறையூரில் டீக்கு நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அணைத்த அந்த நொடியே ஏசிக்காரர் பின்சீட்டில் இருந்து முன்னால் பாய்ந்தார். அப்பாவின் காலடியில் குனிந்து, சிலிண்டரின் கழுத்தில் கன்னத்தை வைத்தார்.

"வண்டியில இல்லீங்க. இதுலதான் போகுது."

டீக்கடையில் கை கழுவ வைத்திருந்த சோப்பை எடுத்துவந்து நுரையாக்கி, சிலிண்டரும் மீட்டரும் சேருகிற இடத்தில் தடவினார். நுரைக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது. வால்வை மூடி, மீட்டரைக் கழற்றி, வாஷரைத் திருப்பிப் போட்டு, சிலிண்டரோடு தந்திருந்த சாவியால் இறுக்கினார். குமிழி நின்றது. அப்போதுதான் மீட்டர் முள்ளைப் பார்த்தேன். பாதிக்கும் மேல் இருக்கவேண்டிய முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. எலப்புள்ளியில் இருந்து கசிந்துகொண்டே வந்திருக்கிறது.

மறையூரில் விசாரித்ததில் வேறு சிலிண்டர் கிடைக்கவில்லை. திரும்பி உடுமலைக்கு இறங்கினாலும் தூரம் அதேதான். மூணாறு ஆஸ்பத்திரியோ, பள்ளிவாசல் வீட்டு மெஷினோ, எதற்குப் போனாலும் இந்த மலையை ஏறித்தான் ஆகவேண்டும். அதுவும் முள் சிவப்பைத் தாண்டுவதற்குள். மேலே பார்த்தேன். மூணாறு பக்கம் வானம் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இவர் மட்டும் பொள்ளாச்சியில் இறங்கியிருந்தால், நடுமலையில் அப்பாவுக்கு மூச்சு நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. கொஞ்ச நேரத்திலேயே அதே ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போல இருக்கும் என்று அப்போது தெரியாது.

தேயிலைக் காடு தொடங்கிய இடத்தில் மழை பிடித்தது. கோடை மழைக்கே உரிய ஆவேசம். குளிரில் அப்பா நடுங்கவே ஏசியை நிறுத்தினேன். ஹீட்டர் என்றைக்கோ செத்துப்போன வண்டி அது. இரண்டு வளைவு ஏறுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துவிட்டது. மூன்று பேர் மூச்சும் அதில் போய்ப் படிந்து, பால் ஊற்றினது போல ஆகிவிட்டது. வைப்பர் வெளியே தன்பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தது.

பழக்க தோஷத்தில் குமிழைக் கண்ணாடிப் பக்கம் திருகினேன். அது கையோடு சும்மா சுற்றியது. அப்போதுதான் நினைவு வந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வைப்பர் இருக்குதுன்னீங்களேண்ணே," என்றேன்.

முகத்துக்கு நேரே இருந்த காற்று வாயை மேலே திருப்பி வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தெளிந்தது. அது போதவில்லை. என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். குளிர்காற்று பாய்ந்து உள்ளே வர, முன்கண்ணாடி மெல்லத் தெளிந்தது. சாலை தெரிந்தது. ஆனால் அந்த ஈரக்காற்று பட்டதும் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடாத இருமல். உதடு நீலமாகத் திரும்பியது. கண்ணாடியை ஏற்றினேன். இருமல் அடங்கியது, சாலை மறைந்தது. ஏற்றுவதும் இறக்குவதுமாக எத்தனை வளைவு போனேனோ. இடது பக்கம் பள்ளம். அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய பயம்.

ஓரமாக நிறுத்தலாம் என்று பார்த்தால், எதிரே வந்த ஜீப்காரர் தலையை வெளியே நீட்டி, "இங்கன நிறுத்தாதீங்கக்கா, மேல மண்ணு ஊறிக் கெடக்கு. போய்க்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். தன் பக்கத்துக் கண்ணாடியைத் தானே இறக்கத் தொடங்கினார். முழுதாக. நான் வேண்டாம் என்று கத்தினேன்.

"நீ ரோட்டப் பாரு பிள்ளே," என்றார்.

ஏசிக்காரர் பின்னாலிருந்து எட்டி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சாத்துங்க அய்யா. ஒடம்புக்கு ஆகாதுங்க."

"அவளுக்கு ரோடு தெரியணும்யா," என்றார் அப்பா. இருமலுக்கு நடுவில் அதை மூன்று தவணையாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, தெரிந்த கொஞ்ச சாலையும் தெரியாமல் போயிற்று.

ஏசிக்காரர் அப்பாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தானே கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினார். அப்புறம், ஓடுகிற வண்டியில், இரண்டு சீட்டுக்கும் நடுவால் தலைகீழாக இறங்கி, அப்பாவின் காலடியில் மல்லாந்து படுத்தார். ஒடிசலான ஆள், எப்படியோ அடங்கிவிட்டார். அப்பாவின் இரண்டு பாதமும் அவர் நெஞ்சின் மேல் இருந்தன. கை டேஷ்போர்டுக்குள் போனது.

"பிளையர் இல்லீங்க," என்றார் கீழேயிருந்து. பொள்ளாச்சியில் இறங்கிவிடுவோம் என்று திருப்புளி மட்டும் கொண்டுவந்திருந்தார்.

விரலாலேயே கம்பியின் முறுக்கைத் திருப்பப் பார்த்தார். மூச்சிரைத்தது. "அவுர மாட்டேங்குதுங்க."

"உங்களக் கேக்காம அவுராதுன்னு சொன்னீங்க. கேட்டுப் பாருங்க," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் இல்லை. அவர் கையை வெளியே எடுத்து, தலையைத் தூக்கி, முன்கண்ணாடிப் பிளவில் தான் அடைத்த பஞ்சைத் திருப்புளியால் குத்திப் பிய்த்துப் போட்டார். விரல் நுனியில் இருந்து ரத்தம் பஞ்சில் ஒட்டியிருந்தது. மறுபடி படுத்தார்.

வளைவில் ஹாரன் கேட்டது. வெளுப்புக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்கு வந்தது. கேரட் மூட்டை ஏற்றின லாரி. வலது பக்கம் மலைச்சுவர் இருக்கிறது என்று நம்பி ஒடித்தால், லாரி வருவதும் அந்தப் பக்கம்தான். இடதுபக்கம் ஒதுங்கினேன். முன்சக்கரம் எதையோ ஏறி இறங்கியது. கல்லா, மண்ணா, சாலையின் விளிம்பா, தெரியவில்லை. லாரி எங்கள் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. அப்பா என் கையைப் பிடிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர் கையைப் பிடிக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். தன் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டாம் கியருலயே போ," என்று மட்டும் சொன்னார்.

கீழே 'டக்'கென்று ஒரு சத்தம். ஏசிக்காரர் கம்பியை விட்டுவிட்டுத் தட்டின் கையையே ஒடித்துவிட்டார். தான் கட்டினதை அவிழ்க்க முடியாமல், கட்டியிருந்த இடத்தையே உடைத்தார்.

"இப்ப ஏசியப் போடுங்க. ஊதறதைக் கொறச்சு வையுங்க. கண்ணாடிக்கு வருதுங்களா?"

வந்தது. பிளவின் ஓரத்தில் முதலில் ஒரு கோடு தெளிந்தது. கோடு அகலமாகி, வைப்பர் துடைத்துக்கொண்டிருந்ததும், அதற்கு அப்பால் வெள்ளைக் கோடும், அதற்கு அப்பால் பள்ளமும் தெரிந்தன. பள்ளம் நான் நினைத்ததைவிட ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

"வருதுண்ணே."

"கைய எடுத்தா தட்டு விழுந்துருமுங்க. நா புடிச்சுக்கறேன், நீங்க ஓட்டுங்க."

அப்படியே படுத்துக்கொண்டு, ஒரு கையை டேஷ்போர்டுக்குள் விட்டு, தட்டைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். ஏசித் தண்ணீர் அவர் கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும், "வருதுங்களா?" என்பார். "வருதுண்ணே," என்பேன். கொஞ்ச தூரம் போனபின் அப்பா தன் கம்பளியின் ஒரு நுனியைக் காலால் தள்ளித் தள்ளி அவர் நெஞ்சு மேல் போட்டுவிட்டார்.

மூணாற்றைத் தொட்டபோது முள் சிவப்புக்குள் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டினார். இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. பள்ளிவாசல் தண்ணீரில் கரண்டு எடுக்கிற ஊர், ஆனால் அப்படிப்பட்ட ஊரில்தான் மழைக்கு முதலில் கரண்டு போகும். கரண்டு இல்லாவிட்டால் மெஷின் வெறும் பெட்டி. கடைசி வளைவில், பொழுது சாய்கிற நேரம், எங்கள் வீட்டு வாசல் விளக்கு எரிவது தெரிந்தது. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரிந்தது.

வீட்டு வாசலிலேயே பக்கத்து வீட்டார் எல்லாம் நின்றார்கள். வண்டி நின்றதும் கதவைத் திறந்து, அப்பாவைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். குழாயை மாற்றி, மெஷினைப் போட்டு, அது 'கிர்' என்று ஓடத் தொடங்கி, அப்பாவின் உதட்டில் நிறம் வரும் வரைக்கும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்து, "டீ இருக்கா?" என்றார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அப்பா இரண்டு மழைக்காலம் இருந்தார், தன் வீட்டில், தன் ஜன்னலுக்குப் பக்கத்தில். ஏசிக்காரரும் அதற்குப் பிறகு எந்த வண்டியில் கை வைத்தாலும், "மேல போவீங்களா?" என்று முதல் கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பதிலையும் முழுதாகக் கேட்பார். பிளையர் பைக்கு வந்தது அப்போதுதான்.

ஆனால் அன்றைக்கு, அழுது முடித்து முகத்தைத் துடைத்த பிறகுதான் வாசலில் ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஓடினேன். இரண்டு கதவும் திறந்து கிடந்தன. முன்சீட்டு காலியாக இருந்தது. அதன் காலடியில் அவர் அப்படியே மல்லாந்து கிடந்தார், ஒரு கை டேஷ்போர்டுக்குள். சட்டை முழுக்க நனைந்து உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வீடு வந்தாச்சு. கைய விடுங்க."

விடவில்லை.

"அய்யன் எப்படி இருக்காருங்க?"

"மெஷின்ல போட்டாச்சு. மூச்சு சீரா இருக்கு. டீ கேக்காரு."

அதைக் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார். தட்டு விழுந்தது. கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்த காற்று முழுவதும் திரும்பி, குனிந்து நின்ற என் முகத்தில் வந்து அடித்தது. அவர் எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விறைத்துப்போன விரல்களை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"வண்டிய அமத்துங்க அம்மிணி," என்றார். "கதவெல்லாம் தொறந்து கெடக்குது."